ஓய்வு கொடுக்கப்பட்டவர்கள்: ஹாக்கி, ஒப்பந்தம், பேரம்

1

‘விலைபோனவன்’ என்பது தமிழில் வசை. ‘விலைபோகாதது’ என்பதும் வசைதான். கொள்கையைக் கைவிட்டவனை முதல் சொல்லால் திட்டுகிறோம். சந்தையில் நின்றுபோனதை, அது மாடானாலும் மனுசனானாலும், இரண்டாவது சொல்லால் இளக்காரம் பண்ணுகிறோம். இரண்டிலும் விலை சொல்பவர் வேறொருவர் என்பது கவனத்திற்குரியது. தன் விலையைத் தானே சொல்கிறவனுக்கு நம்மிடம் மரியாதையான சொல் எதுவும் இல்லை. ‘ரொம்பத்தான் பேரம் பேசுறான்’, ‘தலைக்கனம் புடிச்சவன்’, ‘காசுக்குப் பறக்குறான்’ என்று மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன. இவற்றை வைத்துக்கொண்டுதான் கலைஞர்களையும் விளையாட்டு வீரர்களையும் கூலிக்காரர்களையும் இத்தனை காலம் சமாளித்து வந்திருக்கிறோம்.

2024 அக்டோபர் 13 முதல் 15 வரை டில்லியில் ஹாக்கி இந்தியா லீக் போட்டிக்கான ஏலம் நடந்தது. 2017க்குப் பிறகு நின்றுபோயிருந்த போட்டி மறுபடி தொடங்குவதையொட்டி நடந்த ஏலம் அது. இந்திய அணியின் தலைவர் ஹர்மன்ப்ரீத் சிங்கை 78 லட்சம் ரூபாய்க்குச் சூர்மா ஹாக்கி கிளப் எடுத்தது. முதன்முறையாகப் பெண்களுக்கும் லீக் அறிவிக்கப்பட்டு, உதிதா துஹானை 32 லட்சத்துக்கு வங்காள அணி எடுத்தது. ஹாக்கிக்காரர்களுக்கும் நாலு காசு கிடைக்கிறது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நானும்தான். ஆனால் அந்த சந்தோஷம் கொஞ்சம் ஆறியபிறகு ஒரு கேள்வி எழுந்தது. இந்த 78 லட்சத்தை ஹர்மன்ப்ரீத் எப்போது கேட்டார்? யாரிடம் கேட்டார்?

கேட்கவில்லை என்பதுதான் விடை. ஏலத்தில் கேட்பவர் வாங்குபவர். ‘ஏலம் கேட்கிறது’ என்றுதான் மொழியே சொல்கிறது. விற்கப்படுவதற்கு வாய் கிடையாது.

நட்சத்திர ஆட்டக்காரர்களோடு நிர்வாகிகள் எப்படி ஒப்பந்தம் பேசுகிறார்கள் என்பது விளையாட்டுப் பக்கத்துக்குரிய சங்கதி, இதற்கும் நமக்கும் என்ன என்று தோழர்கள் கேட்கலாம். ஒரு உடல் தன் உழைப்புக்கான விலையைத் தானே சொல்ல முற்படும்போது அதிகாரம் என்ன செய்கிறது என்பதே இங்கே கேள்வி. நட்சத்திரம் என்பதால் இது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. நட்சத்திரமல்லாதவர்களுக்கு இதே காரியம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. ஆகவே தெரிகிற இடத்திலிருந்து தொடங்குவோம்.

2

வட அமெரிக்காவின் பனித்தரை ஹாக்கியில் ‘ஜெனரல் மேனேஜர்’ என்றொரு பதவி உண்டு. இவர் பயிற்சியாளர் அல்ல, முதலாளியும் அல்ல. முதலாளியின் பணத்தை வைத்துக்கொண்டு ஆட்டக்காரனோடு, இன்னும் சரியாகச் சொன்னால் அவனுடைய ஏஜென்டோடு, பேரம் பேசுவதற்கென்றே உட்கார்ந்திருப்பவர். பேரம் அங்கே ஒளிவுமறைவான காரியம் இல்லை. அதற்கு விதிகள் உண்டு, கெடு உண்டு.

2018இல் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் வில்லியம் நைலாண்டர் என்ற இளம் ஆட்டக்காரர் தனக்கு வந்த தொகை போதாது என்று ஆட வராமல் இருந்தார். முதல் ஒப்பந்தம் முடிந்தவர். ஆனால் வேறு அணிக்கு நினைத்தபடி போய்விட முடியாது, பழைய அணிக்கே அவர்மீது உரிமை. டிசம்பர் 1 மாலை 5 மணிக்குள் கையெழுத்தாகவில்லை என்றால் அந்தப் பருவம் முழுக்க லீக்கில் ஆட முடியாது. அக்டோபர் போயிற்று, நவம்பரும் போயிற்று. மேனேஜர் கைல் டுபாஸ் அசையவில்லை, ஆட்டக்காரரும் அசையவில்லை. கெடு முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது ஆறு ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆண்டுக்குச் சராசரியாக ஏழு மில்லியன் டாலருக்குச் சற்றுக் குறைவு.

தொகையை விட்டுவிடுவோம். நமக்கு முக்கியம் அந்த இரண்டு மாதம். ஒருவன் ‘வரமாட்டேன்’ என்று சொல்லிவிட்டு வீட்டில் இருக்க முடிந்தது. திரும்பி வந்தபோது அணி அவனைச் சேர்த்துக்கொண்டது. மறுக்கிற உரிமை இருப்பதால்தான் அது பேரம். மறுக்க முடியாத இடத்தில் நடப்பதற்குப் பேரம் என்று பெயரில்லை.

இதனால் அமெரிக்க முதலாளிகள் நல்லவர்கள் என்று யாரும் பொருள்கொள்ள வேண்டாம். அந்த உரிமை சும்மா வரவில்லை. 1957இல் டெட்ராய்ட் அணியின் டெட் லிண்ட்சே, லீக்கின் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர், ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் கட்ட முனைந்தார். தனக்காக அல்ல, ஓய்வூதியக் கணக்கு எப்படி நடக்கிறது என்று தெரியாமலே ஆடிக்கொண்டிருந்த எல்லோருக்காகவும். மேனேஜர் ஜாக் ஆடம்ஸ் அதே ஆண்டு அவரைச் சிகாகோ அணிக்குத் தள்ளிவிட்டார். சிகாகோ அப்போது அடிமட்டத்தில் கிடந்த அணி. சங்கம் சிதைந்தது. நிலைத்து நிற்கும் சங்கம் 1967இல்தான் வந்தது. அப்போதும், பக்கத்தில் ஆடுகிறவன் என்ன வாங்குகிறான் என்று ஒருவருக்கும் தெரியாது. சம்பள விவரங்களை ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் வெளிப்படையாகப் பகிர்ந்துகொண்டது 1990ஐ ஒட்டித்தான். அதன்பிறகு சம்பளம் மளமளவென்று ஏறியது. ரகசியம் யாருக்குச் சேவை செய்துகொண்டிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

முதலாளிகள் விடுவார்களா? 2004-05 பருவம் முழுவதையும் கதவடைப்பால் ரத்து செய்து, அணிக்கு இவ்வளவுதான் மொத்தச் சம்பளம் என்று உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். முதல் ஆண்டு அது 39 மில்லியன் டாலர். இந்த உச்சவரம்பு வெறும் கணக்கு மட்டுமல்ல, ஒரு சொல்லாடலும்கூட. முன்பு மேனேஜர் ‘தர மாட்டேன்’ என்று சொல்ல வேண்டியிருந்தது. இப்போது ‘கணக்கில் இடமில்லை’ என்றால் போதும். மறுப்பு மனிதனிடமிருந்து எண்ணுக்குப் போய்விட்டது. எண்ணோடு யார் சண்டை போடுவது? மேலும், நட்சத்திரம் கூடக் கேட்டால் அது முதலாளியின் பையிலிருந்து போவதில்லை, நாலாவது வரிசையில் ஆடுகிறவனின் பையிலிருந்து போகிறது. சகதொழிலாளியே எதிரியாகக் கட்டமைக்கப்படுகிறான்.

இத்தனை ஓட்டை இருந்தும், அங்கே ஆட்டக்காரன் ‘பேசும் தன்னிலை’யாக எதிரில் உட்கார்ந்திருக்கிறான். நம்மிடம் அந்த நாற்காலியே கிடையாது. அது ஏன் இல்லாமல் போயிற்று என்பதைச் சொல்ல நான் வசிக்கிற ஊரிலிருந்தே தொடங்க வேண்டும்.

3

கருவடிக்குப்பம் இடுகாட்டில் சங்கரதாஸ் சுவாமிகள் புதைக்கப்பட்டிருக்கிறார். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் இறந்தவர். ஆண்டுதோறும் அந்த நாளில் நாடகக்காரர்கள் வந்து மாலை போட்டுவிட்டுப் போகிறார்கள். வருகிறவர்களில் பலர் இன்னும் ஸ்பெஷல் நாடகம் நடிப்பவர்கள். ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசி, அட்வான்ஸ் வாங்கி, தனித்தனியாக ஊர் வந்து சேர்ந்து மேடையிலேயே ஒருவரையொருவர் சந்தித்து விடியும்வரை ஆடிவிட்டுப் போகிற மரபு அது. ராஜபார்ட்டுக்கு ஒரு விலை, ஸ்திரீபார்ட்டுக்கு ஒரு விலை, பபூனுக்கு ஒரு விலை. ஒவ்வொருவரும் தன் விலையைத் தானே பேசிக்கொள்கிறார்கள். அதில் ஏமாற்றும் உண்டு, இழுபறியும் உண்டு. ஆனால் வாய் இருக்கிறது.

சுவாமிகளின் பெயரோடு சேர்ந்தே இன்னொரு மரபும் வருகிறது. பாய்ஸ் கம்பெனி. 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்தவர்கள். வளர்ந்த நடிகர்களிடம் ஒழுங்கில்லை என்று சலித்துத்தான் சிறுவர்களை வைத்து சபை நடத்த முற்பட்டார் என்பது நம் நாடக வரலாறுகளில் வழக்கமாகச் சொல்லப்படுவது. இந்த ‘ஒழுங்கு’ என்ற சொல்லை நாம் நிறுத்தி வாசிக்க வேண்டியிருக்கிறது. குடி, நேரத்துக்கு வராமை, வசனத்தை மறப்பது எல்லாம் அதற்குள் அடக்கம்தான். ஆனால் பெரியவன் பேரம் பேசுவான், அடுத்த கம்பெனிக்காரன் கூடக் கொடுத்தால் போய்விடுவான் என்பதும் அந்த ஒழுங்கின்மைக்குள்தான் வருகிறது. பையன் போகமாட்டான். பையனுக்காகப் பேசி முடிப்பது பெற்றோர். சாப்பாடு, துணி, தங்க இடம், மாதம் ஒரு சிறு தொகை. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் அதோடு அந்த விலையும் உடைந்தது.

சுவாமிகளைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பால சபைகளிலிருந்துதான் தமிழ் நாடகமும் தமிழ் சினிமாவும் நடிகர்களைப் பெற்றன. கலை வளர்ந்ததும் உண்மை, அந்தக் கலைக்கான ஒப்பந்தத்தில் கலைஞனின் கையெழுத்து இல்லாததும் உண்மை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிற வாசிப்பு நமக்கு இன்னும் கைவரவில்லை. ‘குருகுலம்’ என்ற கதையாடல் இரண்டாவது உண்மையை மூடிவிடுகிறது.

இதற்கு எதிர்நிலையில் ஒரு காட்சி. 1933இல் எஸ்.ஜி. கிட்டப்பா இறந்தபின் கே.பி. சுந்தராம்பாள் நடிப்பதில்லை என்று வெள்ளைச் சேலை கட்டி ஒதுங்கியிருந்தார். ‘நந்தனார்’ படத்துக்காக அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் வந்து கேட்டார். ஆளை விரட்டுவதற்காக ஒரு லட்சம் ரூபாய் என்று சொன்னார் சுந்தராம்பாள். வந்தவர் சரி என்றுவிட்டார். 1935இல் படம் வந்தது. இந்தக் கதையை ‘லட்சம் வாங்கிய முதல் நடிகை’ என்று சாதனைப் பட்டியலாகவே சொல்லி வருகிறோம். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. அவருக்கு அந்த வேலை தேவைப்படவில்லை. வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் இருந்தார். ஆகவே தன் விலையைத் தானே சொல்ல முடிந்தது. தமிழ்ச் சூழலில் ஒரு பெண் கலைஞர், விதவை என்ற அடையாளத்துக்குள் அடைக்கப்பட்ட நிலையில், முதலாளியின் எதிரில் உட்கார்ந்து தொகையை உச்சரித்த அபூர்வமான தருணம் அது. பேரம் பேசவே நினைக்காதவர்தான் பேரத்தில் ஜெயித்தார் என்பது இதிலுள்ள முரண்.

4

இந்திய ஹாக்கிக்கு வருவோம். 1998 டிசம்பர், பாங்காக் ஆசிய விளையாட்டு. இந்தியா தங்கம் வென்றது. 1966க்குப் பிறகு, 32 ஆண்டு கழித்து. அணித்தலைவர் தன்ராஜ் பிள்ளை. புனேக்குப் பக்கத்தில் கட்கியில், ஆயுதத் தொழிற்சாலைக் குடியிருப்பில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா மைதானத்தைப் பராமரிக்கிற வேலையில் இருந்தார். உடைந்த மட்டையைக் கட்டி ஒட்டி ஆடிப் பழகியவர்.

தங்கம் வாங்கிக்கொண்டு வந்த அணிக்கு என்ன நடந்தது? அடுத்த தொடருக்கான பட்டியலில் தன்ராஜ் இல்லை. இன்னும் ஆறு மூத்த ஆட்டக்காரர்களும் இல்லை. அவர்களுக்கு ‘ஓய்வு’ கொடுத்திருப்பதாக இந்திய ஹாக்கி சம்மேளனம் சொன்னது. ஆட்டக்காரர்கள் படித்தொகை பற்றியும் வசதிகள் பற்றியும் வாய் திறந்ததற்கான தண்டனை இது என்றே பரவலாகப் புரிந்துகொள்ளப்பட்டது.

‘ஓய்வு’ என்ற இந்தச் சொல்லாடலைக் கவனியுங்கள். கேட்காதவனுக்குக் கொடுக்கப்படும் ஓய்வு. யாரும் நீக்கப்படவில்லை, தண்டிக்கப்படவுமில்லை. ஆகவே மேல்முறையீடு செய்வதற்கும் எதுவுமில்லை. உடல்மீது அக்கறை காட்டுகிற பாவனையில் உடல் அப்புறப்படுத்தப்படுகிறது. டெட்ராய்ட்டின் ஜாக் ஆடம்ஸ் லிண்ட்சேயை வேறு அணிக்கு அனுப்ப வேண்டியிருந்தது, ஏனென்றால் அங்கே ஆறு அணிகள் இருந்தன. இங்கே தேசிய அணி ஒன்றே ஒன்று. அனுப்ப வேறு இடமில்லை. வீட்டுக்குத்தான் அனுப்ப முடியும்.

தன்ராஜ் திரும்ப வந்தார். சிட்னியிலும் ஏதென்ஸிலும் ஆடினார், நாலு ஒலிம்பிக் ஆடிய அபூர்வமான ஆட்டக்காரர்களில் ஒருவரானார். அவருக்கு இன்னொரு பிழைப்பும் இருந்தது: லண்டன், லியோன், ஸ்டுட்கார்ட், மலேசியா, டாக்கா என்று வெளிநாட்டுக் கிளப்புகளுக்கு ஆடினார். தன் நாட்டுச் சம்மேளனத்திடம் சொல்ல முடியாத விலையை அங்கே சொல்ல முடிந்திருக்கிறது. ஆனால் அவரைப் பற்றிப் பத்திரிகைகள் கட்டமைத்த பிம்பம் ‘கோபக்காரர்’, ‘உணர்ச்சிவசப்படுபவர்’ என்பது. கூலி கேட்ட குரல் குணக்கோளாறாக மொழிபெயர்க்கப்பட்டது. வெண்மணியில் அரைப்படி நெல் கூடக் கேட்டவர்களைத் ‘துடுக்குப் பிடித்தவர்கள்’ என்று ஆண்டைகள் சொன்னதற்கும் இதற்கும் அளவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இரண்டையும் சமப்படுத்துவது அயோக்கியத்தனம். ஆனால் கேட்டவனின் குணத்தைப் பேசிக் கேள்வியை மறைக்கும் இலக்கணம் ஒன்றுதான்.

5

இரண்டாவது உத்தி, தேசம். 2010 ஜனவரி. உலகக் கோப்பை டில்லியில் பிப்ரவரி 28 அன்று தொடங்க இருந்தது. புனே முகாமில் இருந்த ஆட்டக்காரர்கள், பாக்கித் தொகை வராமல் பயிற்சிக்கு வரமாட்டோம் என்று மட்டையைக் கீழே வைத்தார்கள். ஆளுக்கு நாலரை லட்சம் கேட்டார்கள். ஹாக்கி இந்தியா கொடுக்க முன்வந்தது 25 ஆயிரம். தேசத்துக்காக ஆடுவது பெருமை, அதில் காசு பேசலாமா என்ற குரல் உடனே கிளம்பியது. பயிற்சிக்குத் திரும்பக் கெடு விதிக்கப்பட்டது. ஆட்டக்காரர்கள் பிரியாமல் நின்றார்கள். சில நாளில் ஸ்பான்சர் கம்பெனி பணத்தோடு வந்தது, முகாம் மறுபடி தொடங்கியது.

மார்க்ஸ் ‘மூலதன’த்தில் காட்டுவது: சந்தையில் முதலாளியும் தொழிலாளியும் சமமானவர்களாகச் சந்தித்துக் கைகுலுக்குகிறார்கள், தொழிற்கூடத்துக்குள் போனதும் முகங்கள் மாறிவிடுகின்றன. இந்திய ஹாக்கியில் அந்தப் போலிச் சமத்துவச் சந்தைகூட இல்லை. சம்மேளனம் ஆட்டக்காரனுக்கு முதலாளி கிடையாது. சம்பளம் கொடுப்பது ரயில்வே, போலீஸ், ராணுவம், எண்ணெய்க் கம்பெனி, வங்கி. விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைதான் நம் ஹாக்கிக்காரனின் உண்மையான ஒப்பந்தம். கோவில்பட்டியில் விடிகாலை மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பையனிடம் எதுக்குடா ஆடுறே என்று கேட்டால் ஒலிம்பிக் என்பான், இன்னொரு தடவை கேட்டால் ரயில்வே வேலை என்பான். இரண்டுமே பொய்யில்லை. ஆக, சோறு போடுகிறவர் ஒருவர், உடலை எடுத்துக்கொள்கிறவர் இன்னொருவர். எடுத்துக்கொள்கிறவரிடம் கூலி கேட்டால், ‘அதான் வேலை இருக்கே’ என்ற பதில் வரும். வேலை கொடுத்தவரிடம் கேட்டால், ‘நீ எங்கே ஆபீசுக்கு வந்தே’ என்பார். முதலாளி யாரென்று சுட்டிக்காட்ட முடியாத இந்த ஏற்பாட்டில் பேரத்துக்கான எதிர்நாற்காலி காலியாகவே கிடக்கிறது. அந்த நாற்காலியில் பாரதமாதாவை உட்காரவைத்துவிடுகிறார்கள். அம்மாவிடம் கூலி கேட்பாயா?

இதே 2010 ஜனவரியில் நடந்த இன்னொன்று அதிகம் நினைவில் வைக்கப்படவில்லை. போபால் முகாமில் இருந்த பெண்கள் அணியும் பாக்கித் தொகை கேட்டது. ஆண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், பணம் வந்தது. பெண்கள் வங்கியில் கணக்குத் தொடங்கிப் பொதுமக்களிடம் நன்கொடை கேட்டார்கள். மறுக்கிற வலிமை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில் பங்கிடப்படவில்லை. ஆண் மட்டையைக் கீழே வைத்தால் உலகக் கோப்பை நின்றுவிடும் என்று அதிகாரம் பயப்படுகிறது. பெண் கீழே வைத்தால் யாருக்கும் தெரியாது என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது. 2024 ஏலத்தில் ஆண்கள் அணிக்குச் செலவழிக்க 4 கோடி, பெண்கள் அணிக்கு 2 கோடி என்று வரம்பு வைத்தபோது இந்தப் பாதி-மதிப்பு விதியாகவே எழுதப்பட்டது.

6

மூன்றாவது உத்தி, ஏலம். தமிழில் ‘ஏலம்’ என்பது போர்ச்சுகீசியரோடு வந்த சொல். கப்பல் சரக்கோடு துறைமுகத்தில் இறங்கிய சொல். இந்தப் புதுவைத் துறையிலிருந்து மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள். 1850களிலிருந்து மார்த்தினிக், குவாதலூப், ரெயூனியன் கரும்புத் தோட்டங்களுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பிரெஞ்சுத் தீவுகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. அடிமை என்று சொல்ல முடியாதபோது ‘ஒப்பந்தம்’ என்ற சொல் வந்தது. ஒப்பந்தம் என்றாலே சுதந்திரம் என்று நினைக்கிற தாராளவாதப் பிரமை நம் ஊர்க்காரனுக்கு இருக்கக் கூடாது. விரல்ரேகை வைத்தவர்களின் வம்சம் நாம்.

ஹாக்கி ஏலம் அடிமைச் சந்தை என்று முழங்குவது சுலபம். அது உண்மையும் இல்லை. ஆட்டக்காரர் தானாகப் பெயர் கொடுக்கிறார். 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம் என்ற அடிப்படை விலைகளில் ஒன்றுக்குள் வருகிறார். 2012 டிசம்பரில் நடந்த முதல் ஏலத்தில் சர்தார் சிங் 78 ஆயிரம் டாலருக்குப் போனார், அந்த ஏலத்தின் உச்சவிலை அதுதான். சம்மேளனத்தின் ‘ஓய்வு’க்கும் தேசத்தின் பெயரால் வந்த கெடுவுக்கும் பழகியவர்களுக்கு இது விடுதலையாகத் தெரிந்ததில் தப்பில்லை. சம்பளம் எல்லோருக்கும் தெரிகிறது. அமெரிக்க ஆட்டக்காரர்கள் பல பத்தாண்டுகள் போராடிப் பெற்ற வெளிப்படைத்தன்மை இங்கே முதல் நாளே கிடைத்துவிட்டது.

ஆனால் எதை விலையாகக் கொடுத்து? பேச்சை. ஏலத்தில் மேனேஜர் இருக்கிறார், பயிற்சியாளர் இருக்கிறார், முதலாளி இருக்கிறார், சுத்தியல்காரர் இருக்கிறார். ஆட்டக்காரர் எங்கோ முகாமில் தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்து தன் பெயர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். எந்த ஊர், எந்தப் பயிற்சியாளர், எத்தனை வருஷம், காயம்பட்டால் யார் பொறுப்பு என்று விலைக்கு அப்பால் ஒரு மனிதன் கேட்கவேண்டிய எதுவும் அந்தப் பலகையில் இல்லை. தொகை பெரிதாகிறது, ஒப்பந்தம் சிறுத்துப்போகிறது. வைத்திக்குப்பம் கடற்கரையில் மீன் ஏலம் விடும்போது பிடித்தவர் பக்கத்தில் நிற்கிறார், விலை குறைந்தால் முகம் சுளிக்கிறார், சில சமயம் ‘கட்டாதும்மா’ என்று கூடையை இழுத்துக்கொள்கிறார். ஹாக்கி ஏலத்தில் கூடையை இழுத்துக்கொள்ள ஆளில்லை. பிடித்தவரும் அவரே, மீனும் அவரே.

விலைபோகாமல் நின்றவர்கள் பட்டியல் மறுநாள் பொதுவில் வருகிறது. நாடு முழுக்கப் பார்த்த ஒரு ‘வேண்டாம்’. அந்தப் பட்டியலிலிருக்கும் பையன் திரும்ப ஊருக்குப் போய், ஆபீசுக்குப் போய், டீக்கடைக்குப் போய் நிற்க வேண்டும். அமெரிக்காவில் நடுவர் முன் சம்பள வழக்கு நடக்கும்போது தன் ஆட்டக்காரனின் குறைகளையே அணி நிர்வாகம் அடுக்க வேண்டிவரும். 1997இல் டாமி சாலோ என்ற கோல்கீப்பர் அப்படியொரு விசாரணையில் அழுதுவிட்டதாகச் செய்தி வந்தது. அது கொடுமை. ஆனாலும் அது மூடிய அறைக்குள் நடந்தது, அவர் பதில் சொல்ல முடிந்தது. நம் பட்டியலுக்குப் பதில் சொல்கிற இடம் எது?

ஆக, ஓய்வு, தேசம், ஏலம். முதலாவது ஆட்டக்காரனை அப்புறப்படுத்தியது. இரண்டாவது வெட்கப்படுத்தியது. மூன்றாவது கொண்டாடுகிறது. மூன்றிலும் அவன் எதிரில் உட்கார்ந்து பேசவில்லை.

7

நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, 78 லட்சம் வாங்குகிறவனுக்காக எதுக்குய்யா உருகுறே, நம்ம பிழைப்பைப் பார் என்றார். நியாயமான கேள்விதான். நம்ம பிழைப்பையே பார்ப்போம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் தொகுப்பூதியத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போனேன். நீட்டிய ஒப்பந்தத் தாளில் தொகைக்கான இடம் காலியாக இருந்தது. ‘அப்புறம் எழுதிக்கலாம் சார், போடுங்க’ என்றார்கள். போட்டேன். என்னோடு சேர்ந்த இன்னொருவர் எவ்வளவுன்னு எழுதிட்டுக் குடுங்க, போடுறேன் என்றார். அவரும் கையெழுத்துப் போட்டார், தொகை எழுதப்பட்ட தாளில். அடுத்த பருவத்தில் அவருக்குப் பாடவேளை இல்லை என்றார்கள். நீக்கவில்லை. பாடவேளை இல்லை, அவ்வளவுதான். தன்ராஜுக்குக் கொடுத்த ‘ஓய்வு’ என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. நான் அந்தக் காலியிடத்தோடு இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். அவருக்காக நான் வாயைத் திறக்கவில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும்.

இன்னும் கிட்டத்தில் வருவோம். இந்தச் சிறுபத்திரிகைகளில் எழுதுகிறவர்களுக்கும் மொழிபெயர்க்கிறவர்களுக்கும் யாரும் எதுவும் கொடுப்பதில்லை. கொடுக்க இல்லை என்பது உண்மை, ஆசிரியர் கைக்காசைப் போட்டுத்தான் அச்சடிக்கிறார். ஆனால் இல்லை என்று சொல்வதற்குப் பதில் ‘இலக்கியத்துல காசு பேசலாமா’ என்று நாம் சொல்லும்போது என்ன செய்கிறோம்? ‘தேசத்துக்காக ஆடும்போது காசு பேசலாமா’ என்றதை அப்படியே திருப்பிச் சொல்கிறோம். தேசம் இருந்த நாற்காலியில் இலக்கியத்தை உட்காரவைக்கிறோம். பெருங்கதையாடல்களைக் கட்டுடைத்த நமக்கு நம் சொந்தப் பெருங்கதையாடல் கண்ணில் படுவதில்லை. இல்லாததை இல்லை என்று சொல்வதில் அவமானம் ஒன்றுமில்லை. அதைத் தியாகமாக்கி மற்றவரிடம் வசூலிப்பதுதான் மோசடி.

நட்சத்திரம் பேரம் பேசினால் மற்றவர்களுக்கு என்ன லாபம் என்பதற்கு லிண்ட்சேயும் தன்ராஜோடு ஒதுக்கப்பட்ட அறுவரும் 2010 புனே அணியும் விடை. தனக்கு மட்டும் கேட்டவன் தன் தொகையோடு போய்விடுகிறான். எல்லோருக்குமாகக் கேட்டவன் தண்டிக்கப்படுகிறான், ஆனால் அவன் கேட்ட கேள்வி நிற்கிறது. நட்சத்திரத்துக்கு உள்ள ஒரே அரசியல் பயன்பாடு அவன் மறுப்பு வெளியே தெரியும் என்பதுதான். இந்திய ஹாக்கி ஆட்டக்காரர்களுக்கென்று பேரம் பேசும் வலிமையுள்ள சங்கம் ஒன்று எழும்வரை ஏலத்தொகை எத்தனை லட்சம் ஏறினாலும் அது கொடுப்பவரின் கருணையாகவே இருக்கும்.

புதுவைக்காரர்களுக்கு இதை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1936 ஜூலை 30 அன்று இங்கே மில் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அவர்களில் யாரும் நட்சத்திரம் இல்லை. எட்டுமணி நேர வேலையையும் சங்கம் வைக்கும் உரிமையையும் கேட்டவர்கள். மறு ஆண்டே பிரெஞ்சு அரசு அவற்றைச் சட்டமாக்க வேண்டிவந்தது. எதிரில் நாற்காலி போடச்சொல்லிக் கேட்டவர்கள் அவர்கள். நாற்காலி போடப்பட்டது அவர்கள் செத்தபிறகு.

நவம்பர் 13 அன்று சுவாமிகள் சமாதிக்கு நாடகக்காரர்கள் வருவார்கள். மாலை போட்டு, பாட்டுப் பாடி முடித்ததும் சுவரோரமாக நின்று அடுத்த சீசனுக்குப் பேசுவார்கள். ராத்திரிக்கு எவ்வளவு, போக்குவரத்து யாருது, அட்வான்ஸ் எப்போ. கும்பிட்ட கையோடு இதென்ன பேச்சு என்று முதல் தடவை பார்த்தபோது எனக்கு முகம் சுளித்தது. இப்போது அந்தப் பேச்சைக் கேட்கத்தான் போகிறேன்.